நிறைந்ததா, மறைந்ததா?

வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் – 14

கட்டிலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிற ரோபோ வேக்குவம் கிளீனர் பாதியில் நின்று, குப்பைப் பெட்டி நிறைந்துவிட்டது என்று அறிவிக்கிறது. பெட்டியை உருவிப் பார்த்தால் கால்வாசிகூட இல்லை. தலைமுடியும் பஞ்சும் சேர்ந்து சுருண்ட ஓர் உருண்டை மட்டும் வாயில் குறுக்கே நிற்கிறது. இன்னொரு நாள் அதே பெட்டி பிதுங்கப் பிதுங்க நிறைந்து, உறிஞ்சிய மண்ணாலேயே தரையில் கோடு போட்டுக்கொண்டு போகும். அறிவிப்பு எதுவும் வராது. சுவரையும் படிக்கட்டின் விளிம்பையும் இந்த இயந்திரம் எப்படி அறிகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். எதிரே இருக்கும் நாற்காலிக் காலைக் கண்டுகொள்கிற ஒன்று, தன் வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்லத் தடுமாறுவது விசித்திரம்தான். சென்சார் மட்டரகம், கம்பெனி காசை மிச்சம் பிடித்துவிட்டது என்று வாங்கியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். மிச்சம் பிடிப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு காசு போட்டாலும் இந்தத் தடுமாற்றம் முழுதாகத் தீராது என்பது என் கட்சி. தூசியை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இவற்றுக்குள் இல்லை. தூசி செய்கிற ஏதோ ஒரு காரியத்தை அளந்து, அதை வைத்துத் தூசியை ஊகிக்கிறார்கள்.

பரவலாக இருக்கும் முறையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் தன் ரூம்பா மாடல்கள் பலவற்றில் வைத்தது இது. பெட்டியின் வாயருகே ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளியை உமிழும் சின்ன எல்இடி. எதிர்ப்பக்கம் அதை வாங்கும் ஏற்பி. டிவி ரிமோட்டின் மூக்கில் இருப்பதும் இதே இனத்து எல்இடிதான். பெட்டி காலியாக இருந்தால் ஒளி தடையின்றி எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். குப்பை அந்த உயரத்துக்கு ஏறிவிட்டால் ஒளி மறையும். மறைந்தால் நிறைந்தது என்று பொருள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடுகிற நேரம் முழுக்கக் குப்பை அந்த வழியாகத்தான் பறந்து உள்ளே போகிறது. ஒவ்வொரு காகிதத் துணுக்கும் ஒரு கணம் ஒளியை மறைக்கும். அதையெல்லாம் கணக்கில் எடுத்தால் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டியதுதான். ஆகவே மென்பொருள் பொறுத்துப் பார்க்கிறது. வந்து சேரும் ஒளி ஒரு வரம்புக்குக் கீழேயே தங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான், பெட்டி நிறைந்தது என்று சொல்லும் விளக்கை எரிக்கிறது. அந்த வரம்பு எங்கே என்பது எங்கோ ஒரு பொறியாளர் எடுத்த முடிவு. அது போகட்டும். ஒளி நுழைந்து வெளியேறுவதற்குப் பெட்டியின் சுவரில் தெளிந்த பிளாஸ்டிக்கில் சின்னச் சன்னல்கள் வைத்திருக்கிறார்கள். நாளாக ஆக அவற்றில் மெல்லிய தூசிப் படலம் படிகிறது. பெட்டி காலி, சன்னல் அழுக்கு. ஏற்பிக்கு எல்லாம் ஒன்றுதான். சென்சார்களை அவ்வப்போது துணியால் துடைக்கச் சொல்லிக் கையேடுகள் வற்புறுத்துவது இதனால்தான். தூசியைக் காவல் காக்க வந்தது தூசிக்குள்ளேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்காதவருக்கு ஊரெல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிற கதைதான்.

இன்னொரு முறை காதை நம்புவது. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் பிரான்சில் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பின்னாளில் மேரி கியூரியை மணந்த அதே பியேர்தான். பீசோ விளைவு என்று பெயர். காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அமுக்கினால் 'டக்' என்று பொறி வருகிறதே, அதுவும் இதே விளைவுதான். ரூம்பாவில் குப்பை வந்து மோதும் இடத்தில் ஒரு சிறு உலோகத் தகட்டை வைத்து, அதன் பின்னால் பீசோவை ஒட்டினார்கள். மணல் மோதினால் ஒரு மின்துடிப்பு. துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் இந்த இடத்தில் அழுக்கு அதிகம் என்று புரிந்துகொண்டு, இயந்திரம் அங்கேயே திரும்பத் திரும்பச் சுற்றும். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை ஐரோபாட்டுக்கு 2005இல் கிடைத்தது. டைசன் நிறுவனம் 2021இல் வெளியிட்ட வி15 (ரோபோ இல்லை, கையில் பிடித்துப் பெருக்கும் வகை) இன்னும் ஒரு படி மேலே போய், நொடிக்கு 15,000 முறை வரை இந்த மோதலை அளக்கிறது. துகள்களை 10, 60, 180, 500 மைக்ரான் என்று பருமன் வாரியாகப் பிரித்துத் திரையில் பட்டைகளாகக் காட்டுகிறது. பார்க்க ஜோர்.

அப்படியானால் மோதல்களையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் பெட்டியில் எவ்வளவு சேர்ந்தது என்று தெரிந்துவிடாதா? தெரியாது. தரையில் ரவை சிந்தியிருந்தால் தகடு சடசடக்கும். மைதா சிந்தியிருந்தால், அதே எடைக்கு, அந்தச் சத்தத்தில் சிறு பங்குகூட வராது. தலைமுடியோ போர்வைப் பஞ்சோ போனால் தகட்டுக்குச் சேதியே எட்டாது. பெட்டியில் இடத்தை அதிகம் அடைப்பது எதுவோ, அது சத்தம் போடாமல் உள்ளே போகிறது. அதிகம் சத்தம் போடுகிற மணல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. குழாயில் தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டுக் குடம் நிறைவதைச் சொல்லிவிடலாம், விழுவது தண்ணீர் மட்டுமே என்பதால். இங்கே குழாயில் ஒரு நேரம் தண்ணீர், ஒரு நேரம் நுரை, ஒரு நேரம் கூழாங்கல்.

இந்தச் சிக்கல் ரோபோவோடு பிறந்ததும் கிடையாது. பை வைத்த பழைய வேக்குவம் கிளீனர்களில், பை நிறைந்தால் சிவப்பாக மாறும் ஒரு சின்னக் காட்டி மேல்மூடியில் இருக்கும். மின்சாரமே இல்லாத வேலை அது. பைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு ஸ்பிரிங் நகரும், அவ்வளவுதான். ஜெர்மனியின் மீலே நிறுவனக் கையேடுகள் இதைப் பற்றி எழுதுவதைப் படித்தால் அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம். சாதாரண வீட்டுத் தூசியை மனத்தில் வைத்துத்தான் இந்தக் காட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. சுவர் துளைத்த பொடி, மணல், மாவு போன்ற நுண்தூசி அதிகம் சேர்ந்தால் பையின் துளைகள் சீக்கிரம் அடைபட்டு, பை நிறையாமலே சிவப்பு காட்டும். முடியும் கம்பளப் பஞ்சுமாக இருந்தால் பை திணறத் திணற நிறைந்த பிறகுதான் காட்டும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நிறையாமல் சிவப்பு காட்டினாலும் பையை மாற்றிவிடுங்கள் என்றும் சொல்கிறார்கள். அது நியாயமான அறிவுரை. துளை அடைபட்ட பையில் இடம் இருந்து என்ன பயன்? காற்று போகாவிட்டால் உறிஞ்சல் கிடையாது. காட்டி அளந்தது பையின் நிறைவை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது அளந்தது காற்றுக்கு வழி இருக்கிறதா என்பதை. வேலைக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். ஒளி, ஓசை, அழுத்தம் என்று சுற்றி வளைப்பானேன், பெட்டியை எடை போட்டால் போயிற்று. மளிகைக் கடைத் தராசே கிராம் கணக்கில் காட்டும்போது இதற்கென்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டியின் கொள்ளளவு சுமார் 400 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை உலர்ந்த மணலால் நிரப்பினால் 600 கிராமைத் தாண்டும். அதையே முடியாலும் பஞ்சாலும் நிரப்பினால் 30 கிராம் தேறுவதே அதிகம். முப்பது கிராம் என்றால் ஒரு வீட்டில் பெட்டி நிறைந்தது என்று அர்த்தம்; பக்கத்து வீட்டில் அடியில் ஒரு பிடி மண். எடை சரியாகவே வரும், விடைதான் வராது. இந்த எடையையும், அதிர்ந்துகொண்டும் சுவரில் முட்டிக்கொண்டும் ஓடுகிற மூன்றரைக் கிலோ இயந்திரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது தனித் தொல்லை.

மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைப் பார்க்கலாமே என்பது இன்னொரு யோசனை. வேக்குவம் கிளீனரின் குழாய் வாயை உள்ளங்கையால் மூடினால் மோட்டாரின் சத்தம் உச்சத்துக்கு ஏறும். பாவம், திணறுகிறது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. தள்ளக் காற்று இல்லாததால் விசிறிக்குச் சுமை குறைகிறது, அதனால் வேகமெடுக்கிறது, இழுக்கும் மின்சாரமும் குறைகிறது. ஆக, மின்சாரத்தைக் கவனித்துக் காற்றோட்டம் தடைபட்டதைக் கண்டுபிடிக்க முடியும். தடை பெட்டியிலா, வடிகட்டியிலா, தூரிகையில் சுற்றிய நூலிலா என்பது மட்டும் அந்த எண்ணில் இல்லை. கேமரா வைத்து, செயற்கை நுண்ணறிவிடம் படத்தைக் காட்டிக் கேட்கலாம் என்று இன்றைக்குச் சொல்வார்கள். மற்ற யோசனைகளை விட இதற்குப் பலம் அதிகம். உருண்டையாக நிற்கும் முடிக்கும் நிறைந்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியும். ஆனால் கேமராவுக்கும் ஒரு லென்ஸ் உண்டு. சன்னலில் படிந்த அதே படலம் அதிலும் படியும். முன்பக்கம் கேபிளையும் செருப்பையும் பார்க்கிற கேமராவைத் தூசி இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் அந்தச் சலுகை கிடையாது.

ஒளிமறைப்பை நம்பிய பொறியாளர்கள் இதையெல்லாம் யோசிக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. ஐரோபாட்டை 1990இல் தொடங்கிய மூவரில் ஒருவர், அப்போது எம்ஐடி பேராசிரியராக இருந்த ரோட்னி புரூக்ஸ். உலகத்தின் முழு வரைபடத்தைத் தலைக்குள் சுமக்காமல், சென்சார் சொன்னதற்கு உடனடியாக எதிர்வினை செய்தே ஒரு ரோபோ நன்றாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்பதுகளிலிருந்து வாதாடியவர். 2002இல் வந்த முதல் ரூம்பா அந்தப் பள்ளியின் பிள்ளை. அதனிடம் வரைபடமே கிடையாது, முட்டும், திரும்பும். அந்தக் கண்ணோட்டத்தில், நிறைந்ததா என்ற உண்மை ரோபோவுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மறைந்ததா என்று தெரிந்து, அதன்படி நடந்தால் போதும். இதை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: தவறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். நிறையாததை நிறைந்தது என்றால், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் இயந்திரம் பாதி அறையில் நின்றுவிடும். நிறைந்ததைச் சொல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், சுத்தம் செய்யாது. இரண்டில் எது மோசம்? பின்னால் வந்த ரூம்பா மாடல்களின் செயலியில், பெட்டி நிறைந்தால் நிற்கவா, எப்படியும் வேலையை முடித்துவிடவா என்று கேட்கும் ஓர் அமைப்பு வந்தது. வாடிக்கையாளர் விருப்பம் என்று அதற்குப் பெயர். தன் சென்சாரின் சொல்லை நம்பலாமா என்ற முடிவைத் தயாரித்தவரே வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டார் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

சிலர் கேள்வியையே கேட்பதில்லை. ஷவ்மி, ரோபோராக் நிறுவனங்களின் செயலிகளைத் திறந்தால் வடிகட்டிக்கு 150 மணி நேரம், பக்கத் தூரிகைக்கு 200, பெரிய தூரிகைக்கு 300, சென்சார்களைத் துடைக்க 30 என்று கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். எதையும் யாரும் அளக்கவில்லை, கடிகாரம் ஓடுகிறது. ஏமாற்று வேலை என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே எட்டிப் பார்த்ததாகக் கடிகாரம் பாசாங்கு செய்வதில்லை. பெட்டியைத் தெளிந்த பிளாஸ்டிக்கில் செய்துவிட்டால் மனிதக் கண் பார்த்துக்கொள்ளும், சென்சாரே வேண்டாம் என்பவர்களின் வாதத்திலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, ஆள் பார்க்காத நேரத்தில் ஓடுவதற்காகத்தானே ரோபோவை வாங்கியது என்பது.

தொழில் கடைசியில் வந்து சேர்ந்த இடம் வேறு. சார்ஜ் ஏறும் நிலையத்திலேயே இன்னும் வலுவான ஒரு வேக்குவத்தை வைத்து, ரோபோவின் பெட்டியை அது உறிஞ்சிக் காலி செய்யும்படி செய்தார்கள். ஜெர்மனியின் கெர்ஷர் நிறுவனம் இருபதாண்டுகளுக்கு முன்பே ஆர்சி3000 என்ற ரோபோவில் இதைச் செய்துவிட்டது. பரவலானது என்னவோ 2018இல் ரூம்பா ஐ7+ வந்த பிறகுதான். அதன் நிலையத்தில் இருக்கும் பை, 30 பெட்டிக் குப்பையைத் தாங்கும் என்று கணக்குச் சொன்னார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சென்சார் பெரிதாகத் திருந்திவிடவில்லை. முடி உருண்டை இப்போதும் அதை ஏமாற்றும். ஏமாந்தால் ரோபோ நிலையத்துக்குப் போகும். காதைப் பிளக்கும் சத்தத்தோடு சில நொடிகள் உறிஞ்சப்படும். அந்த உருண்டையும் போய்விடும். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். தவறு அப்படியே இருக்கிறது, தவறின் விலைதான் குறைந்தது. ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் நிறைந்ததோ இல்லையோ காலி செய்துவிடு என்று வைத்துவிட்டால், அந்தச் சென்சாரையே கழற்றி எறிந்துவிடலாம். ஓடி முடித்ததும் காலி செய்வதைப் பல நிறுவனங்கள் வழக்கமாக்கிவிட்டன.

அப்புறம் நிலையத்துப் பை நிறைந்ததை யார் சொல்வது? ஐரோபாட்டின் காப்புரிமைகளில் அதற்கு விவரித்திருக்கும் வழி காற்றழுத்தத்தை அளப்பது. மேல்மூடியில் சிவப்புக் காட்டி வைத்திருந்த பழைய இயந்திரத்தின் அதே வழி. வீட்டில் சுவரைத் துளைத்துப் பொடி கொட்டிய வாரத்தில், பாதிப் பை காலியாக இருக்கும்போதே பையை மாற்று என்று செயலி சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

(தொடரும்)