துணை மருத்துவம் எப்போது ஆபத்தாகிறது?

கீமோதெரபி எடுப்பவர் குமட்டல் தணிய அக்குபஞ்சர் செய்துகொள்வதையும், அசதி குறைய யோகா பழகுவதையும் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் சில இன்று ஊக்குவிக்கின்றன. இவற்றால் பயன் உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்றுகளும் இருக்கின்றன. ஆகவே துணை மருத்துவம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. நடக்கும் சிகிச்சையோடு அது சேர்கிறதா, அந்தச் சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்றே கேட்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு துணை மருத்துவமும் எடுத்த 258 புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம், துணை மருத்துவம் எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அவர்களில் 34 சதவீதத்தினர் கீமோதெரபியை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் 3 சதவீதமே. இப்படிச் சிகிச்சையை மறுத்ததையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வேறுபாடு பெரிதாக நிற்கவில்லை. உயிரைப் பறித்தது, எடுத்துக்கொண்டதைவிடக் கைவிட்டதுதான்.

‘கீழாநெல்லியில் மஞ்சள் காமாலை குணமாகவில்லையா?’ என்று கேட்பார்கள். ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பெயர் மூலிகைக்குப் போய்ச் சேரும். பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்து வரும் காமாலை அப்படிக் காத்திருக்காது. எந்த வகை என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் இலையை அரைத்துக் குடிப்பதில்தான் ஆபத்து. ‘மூலிகைக்கு ஏது பக்கவிளைவு?’ என்பதும் சரியல்ல. உடலில் வேலை செய்யும் எதற்கும் பக்கவிளைவு இருக்கலாம். அதிமதுரத்தை அளவுக்கு மீறித் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2008ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருப்பதைக் கண்டது.

இப்படி மூலிகை எடுப்பதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று நோயாளிகள் மறைக்கிறார்கள். இதில் மருத்துவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கடிந்துகொள்ளாமல் அவர்களே கேட்க வேண்டும். நோயாளியும் தான் எடுக்கும் கஷாயம், லேகியம், பஸ்பம் எல்லாவற்றையும், குறிப்பாக அறுவை சிகிச்சைக்கு முன், சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கும் சித்த, ஆயுர்வேத மருந்தின் மேலட்டையில் உற்பத்தி உரிம எண்ணும் உட்பொருள்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொட்டலமாகத் தந்தால் என்ன மருந்து என்று எழுதித் தரக் கேளுங்கள்; ரசீதையும் வாங்குங்கள். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது, எந்த மருத்துவ முறையானாலும், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தவறான விளம்பரம் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு அலட்சியமாகச் சிகிச்சை தந்தவரிடம் நுகர்வோர் ஆணையம் வழியாக இழப்பீடு கோரலாம். ஆனால் இன்சுலினை நிறுத்தியதால் முதல் வகை சர்க்கரை நோயாளி சில நாட்களில் இறந்துபோனால் எந்த இழப்பீடும் அவரைத் திருப்பித் தராது. ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு வரச் சொல்பவர் எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவரானாலும், நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு இணங்காதீர்கள்.