திரையின் குறைகளைக் கண்டறியும் முறை

மும்பை, டில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்குத் திரை என்பது இன்று வெறும் கேளிக்கைச் சாதனம் அன்று. ஊரிலுள்ள தாய் தந்தையரின் முகத்தைக் காண்பதும், குழந்தைகள் பாடம் பயில்வதும், அலுவல் நடப்பதும் பெரும்பாலும் அதன் வழியாகவே. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் அப்பொருளில் குறை இருப்பின், அதனை முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே கண்டுகொள்ளல் வேண்டும். மாற்றித் தருவதற்கென விற்பனையாளர் விதிக்கும் தவணை பொதுவாகச் சில நாட்களே. குறை இன்னதென்று தெளிவாக எடுத்துரைப்பவருக்கே பரிகாரம் எளிதில் கிட்டும்.

முதற்கண் திரையின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். பெரும்பாலான தொலைக்காட்சிகளிலும் கணினிகளிலும் இருப்பது எல்.சி.டி. என்னும் திரவப் படிகத் திரை. திரவப் படிகத்தின் விந்தையை 1888-இல் முதன்முதலாகக் கவனித்தவர் ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் பிரெடெரிக் ரைனிட்சர். பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும் அவர்தம் உடனாய்வாளரும், தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்று 1977-இல் கண்டனர். பக்கவாட்டிலிருந்து நோக்கினும் படம் தெளிவுறத் தெரிய உதவும் மென்படலங்கள் பிற்காலத்தில் அவ்வகைப் பொருள்களால் செய்யப்பட்டன.

திரவப் படிகத்திற்குச் சொந்த ஒளி கிடையாது. பின்புறம் எரியும் எல்.இ.டி. விளக்குகளின் ஒளியை, சன்னற் கதவு போல, விடுவதும் மறைப்பதுமே அதன் தொழில். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள், உள்ளன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உட்புள்ளிகள். ஆக மொத்தம் 62,20,800 சிறு கதவுகள். ஒவ்வொரு கதவையும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் இயக்குகிறது. ஆகவே குறை கதவிலும் நேரலாம், விளக்கிலும் நேரலாம். எதில் நேர்ந்தது என்று பிரித்தறிவதே சோதனையின் நோக்கமாகும்.

கதவைச் சோதிக்கும் முறை எளிது. திரையை மென்துணியால் துடைத்து, அரைமணி நேரம் ஓடவிடுக. பின்னர் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்து தனி நிறப் படங்களைத் திரை முழுதும் நிரம்புமாறு ஒவ்வொன்றாகக் காட்டி, அருகிருந்து நோக்குக. கறுப்பல்லாத நான்கு நிறங்களிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி நின்றால் அப்படப்புள்ளி அடியோடு செயலிழந்தது. கறுப்புப் படத்தில் ஒரு செம்புள்ளி மின்னினால், அவ்விடத்துச் சிவப்புக் கதவு மூடாமல் சிக்கியுள்ளது. வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளி நீலப்பச்சையாகத் தோன்றினால், சிவப்புக் கதவு திறக்கவில்லை என்று பொருள். சிக்கிய புள்ளி, நிறங்களை விரைந்து மாற்றிக் காட்டுவதால் சில வேளை சீர்படும். செயலிழந்த புள்ளி மீள்வது அரிது. விரலால் அழுத்தித் தேய்த்தல் கூடாது. அதனால் நல்ல புள்ளிகளும் கெடக்கூடும்.

விளக்கைச் சோதிக்க அறையை இருட்டாக்கி, ஒளிர்வை நடுத்தரமாக வைத்துக் கறுப்புப் படத்தைக் காட்டுக. ஓரங்களில் ஒளி கசிவதும், நடுவே மேகம் போல் வெளுப்பதும் அப்போது தெரியும். தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தல் அவசியம். பார்வைக் கோணத்தோடு இடம் மாறும் மங்கிய ஒளி அத்தகைய திரையின் இயல்பு. அசையாது நிற்பதே கசிவு. கைபேசியால் எடுத்த புகைப்படம் கசிவை மிகைப்படுத்திக் காட்டும், கண்ணையே நம்புக. அடுத்து வெள்ளைப் படத்தில் இருண்ட திட்டு உண்டா என்று காண்க. உண்டெனில், பின்னுள்ள விளக்குகளில் சில அணைந்திருக்கலாம்.

ஒலி கேட்கிறது, படம் மட்டும் இல்லை என்ற நிலை ஏற்பட்டால், இருட்டறையில் டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், திரை நன்றாகவே உள்ளது. பின்னொளியோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோதான் பழுது. திரையை மாற்றுவதினும் இதனைச் செப்பனிடுதல் பெரும்பாலும் செலவு குறைந்தது. இதனை அறியாதார் திரையே போயிற்று என்று புதியதொன்று வாங்கிவிடுதல் உண்டு. ஓ.எல்.இ.டி. வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், அதற்குப் பின்னொளிச் சோதனை பொருந்தாது.

ஒரே ஒரு புள்ளி பழுதாயின் மாற்றித் தருவார்களா? 2001-இல் வெளியான 13406-2 என்னும் சர்வதேச நியமம், இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து லட்சம் படப்புள்ளிகளுக்கு, எப்போதும் ஒளிர்வன 2, எப்போதும் இருண்டன 2, உட்புள்ளிக் குறைகள் 5 வரை இருக்கலாமென ஏற்றது. 2008-இல் 9241-307 என்னும் நியமம் அதன் இடத்தைப் பெற்றது. இத்தகைய வரம்புகளைக் காட்டி மறுப்போர் உளராதலின், வாங்குமுன் உத்தரவாதச் சீட்டில் எத்தனை புள்ளி வரை மாற்றமில்லை என்று வாசித்தறிதல் நலம். ரசீதையும் அட்டைப் பெட்டியையும் தவணை முடியுமட்டும் பத்திரப்படுத்துக.

நியாயம் கிட்டாவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே முறையிட வழி செய்கிறது. மதுரையில் வாங்கிய பொருளுக்குப் புனேயில் வசிப்பவர் புனேயிலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். முதல் நாட்களில் செய்த சோதனையும், அன்று குறித்து வைத்த நாளும் குறையும், அவ்வேளையில் தக்க சான்றாக நின்று உதவும்.