பால்கோவா வாசமும் டாஸ்மாக் தெருவும்... குடியை விட்டவர் மீண்டும் தடுமாறுவது ஏன்?

ராஜபாளையத்திலிருந்து கிளம்பிய பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்ததுமே பலருக்கும் பால்கோவா ஞாபகம் வந்துவிடும். இனிப்பு இன்னும் கைக்கே வரவில்லை. அதற்குள் நாக்கில் எச்சில் ஊறும். பழகிய இடத்தைப் பார்த்ததுமே மூளை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

குடியை நிறுத்திய ஒருவர், பழகிய டாஸ்மாக் கடை இருக்கும் தெருவைக் கடக்கும்போது நடப்பதும் இதுதான். ஆனால், பல மடங்கு தீவிரமாக!

மூளையில் என்ன நடக்கிறது?

பிடித்த ஒன்று கிடைக்கும்போது மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. 'இது நல்லாயிருக்கு, மறுபடியும் செய்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பது அதுதான். 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதி தூண்டப்படும். எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அதை அழுத்தின.

மதுவும் இந்தப் பாதையைத்தான் திரும்பத் திரும்பத் தூண்டுகிறது. நாளாக ஆக மூளை அதற்குப் பழகிவிடுகிறது. அதே போதைக்கு அதிகம் குடிக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் சிரிப்பு, நல்ல சாப்பாடு, திருவிழா எதுவும் முன்புபோல மகிழ்ச்சி தருவதில்லை. 'வேண்டாம்' என்று பிரேக் போடும் முன்மூளையும் பலவீனமாகிறது.

குடியை நிறுத்தினால் மூளை மெல்ல மெல்ல மீளும். அதற்குப் பல மாதங்கள்கூட ஆகலாம். ஆனால் கடை, கூட்டாளி, சம்பள நாள் போன்ற பழைய அடையாளங்கள் எளிதில் அழிவதில்லை. ஆண்டாள் சந்நிதியில் மனமாரச் சத்தியம் செய்தவர், சம்பள நாளில் மில் ஷிப்ட் முடிந்து வரும்போது தடுமாறலாம். அதனால் அவர் செய்த சத்தியம் பொய்யாகிவிடாது.

குடும்பம் என்ன செய்யலாம்?

* வீடு திரும்பும் வழியை மாற்றலாம். சம்பள நாளில் வீட்டார் ஒருவர் துணைக்குப் போகலாம்.

* தினமும் அதிகம் குடிப்பவரை, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

* குடியை நிறுத்தும் மருந்து என்று எதையும் சாம்பாரிலோ காபியிலோ அவருக்குத் தெரியாமல் கலக்காதீர்கள். அது தெரியாமல் அவர் குடித்தால் விபரீதமாகலாம்.

* ஒருமுறை சறுக்கினால் 'எல்லாம் போச்சு' என்று கைவிட வேண்டாம். சர்க்கரை நோயில் அளவு ஏறினால் செய்வதுபோல, மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980-ல் சென்னையில் தொடங்கிய போதை மீட்பு மையம், குடிநோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்தே ஆலோசனை தருகிறது. மனைவி, பிள்ளைகளின் காயமும் ஆற வேண்டுமே!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியினர் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுமே கட்டணமில்லா எண்கள். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருப்பவரும் அழைக்கலாம்.