காப்பித் தோட்டத்து ஈப்பிடிப்பான்கள்

மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலிலுள்ள காப்பித் தோட்டங்களில், ஐப்பசி முதல் பங்குனி வரையில், நிழல் மரங்களின் தாழ்ந்த கிளைகளில் பழுப்பு நிறமான சிறு பக்ஷிகள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் காணலாம். நீளம் ஏறக்குறைய 5 அங்குலம். திடீரெனப் பாய்ந்து, பறக்கும் பூச்சியொன்றைக் கவ்விக்கொண்டு, பெரும்பாலும் விட்ட கிளைக்கே திரும்புவது இவற்றின் வழக்கம். தானியம் தின்னும் இனம் அன்று. ஆயினும் சில்லையென்றெண்ணிக் கவண்கல்லால் அடிப்போர் உளர்.

இவற்றுள் பழுப்பு ஈப்பிடிப்பான், பழுப்புமார்பு ஈப்பிடிப்பான் என இருவகை உண்டு. பெயரை நம்பி மார்பை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். முன்னதன் மார்பிலும் மங்கலான பழுப்புச் சாயல் உண்டு. மரநிழலில் அது கருமையாகவே தோன்றும். கண்ணைச் சுற்றிய வெண்வளையமும் இரண்டிற்கும் பொது. நோக்க வேண்டியவை காலும் கீழலகுமே. பழுப்பு ஈப்பிடிப்பானின் கால்கள் கறுத்தவை. கீழலகு அடியில் மட்டும் மஞ்சளாய் நுனியில் கறுத்திருக்கும். மற்றதற்குக் கால்கள் வெளிறியவை. கீழலகு முழுவதும் மஞ்சள். அதன் சிறகோரத்திலும் வாலிலும் செம்பழுப்புச் சாயல் உண்டெனினும், செம்பழுப்பு வாலுடைய மூன்றாவதொரு வகையும் குளிர்காலத்தில் இம்மலைகளுக்கு வருவதால், வாலை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. காலும் அலகும் தெரியும்வரை காத்திருத்தல் நலம். தெரியாவிடில் வகை குறிக்காமல் விடுவதே முறை.

பழுப்புமார்பு ஈப்பிடிப்பானுக்கு 1854-ஆம் ஆண்டில் சாஸ்திரப் பெயரிட்டவர் இலங்கையிலிருந்த லேயார்டு என்னும் ஆங்கிலேயர். அதனைக் கொண்டுவந்து கொடுத்த தம் ஊழியர் முத்துவின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார். 'முத்துயி' என்று இன்றும் அது வழங்குகிறது.

இரண்டையும் பிரித்தறிவதால் தோட்டக்காரருக்கு என்ன பிரயோசனம்? காப்பித் தண்டு துளைக்கும் வண்டை இவை ஒழித்துவிடும் என்பது மிகை. வித்தியாசம் இருப்பிடத்திலேதான். பழுப்பு ஈப்பிடிப்பான் திறந்த தோப்புகளிலும் தங்கும். வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனத்திலும் குஞ்சு பொரிக்கும் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானோ, குளிர்காலத்தில் தென்னிந்தியாவையும் இலங்கையையுமே நாடி வருகிறது. அங்கும் அடர்ந்த புதர்களின் நிழலையே விரும்புகிறது. ஓடைக்கரைப் புதரை மார்கழியில் அடியோடு வெட்டினால், முன்னது கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதால் பின்னது போய்விட்டது புலப்படாது. வெட்டியே தீரவேண்டுமெனில் சித்திரை பிறந்து அவை வடக்கே சென்றபின் வெட்டுவதும், ஓடையை ஒட்டிய பகுதியை விட்டுவைப்பதும் தகும். பழுப்பு ஈப்பிடிப்பானில் சில இம்மலைகளிலேயே கூடுகட்டுகின்றன. ஆகையால் வைகாசியில் காணப்படுவது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.