இல்லத் தூய்மையும் இயற்கை வழிகளும்

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. தூய்மைக்குச் செல்வம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும் என்பதே இதன் பொருள். ஆனால் இன்று கடைக்குச் சென்று பாருங்கள். தரைக்கு ஒரு புட்டி, கண்ணாடிக்கு ஒரு புட்டி, கழிப்பறைக்கு ஒரு புட்டி என்று வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவை இல்லாவிட்டால் வீடு வீடாகவே இராது என்று நாமும் நம்பிவிட்டோம்.

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குளியலறைத் தரையில் படிந்த உப்புக் கறையைப் போக்க என் அக்கா ஆசிட் ஊற்றினாள். கறை முழுதும் போகவில்லை. உடனே அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவி, குந்தி உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். சில நொடிகளில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தது. மூச்சுத் திணறிக் கதவருகில் விழுந்தவளை அம்மாதான் வெளியே இழுத்து வந்தார். அன்றிரவு முழுவதும் மருத்துவமனையில் அவளுக்குப் பிராணவாயு கொடுத்தார்கள். இறைவன் அருளால் பிழைத்தாள்.

பள்ளியில் எங்கள் வேதியியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்றும், 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் ஈப்ரு நகரருகே போர்வீரர்கள்மீது ஏவப்பட்டது இதே வாயுதான் என்றும் அவர் விளக்கினார். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது; ஆகவே அது தரையை ஒட்டியே தேங்கும். குந்தி உட்கார்ந்திருந்த அக்கா அதை நேராகச் சுவாசித்திருக்கிறாள்! வீட்டைச் சுத்தம் செய்யும் முறையை நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அழுக்கின் இனம் அறிதல்

நோய்க்குத் தக்க மருந்து என்பதுபோல அழுக்குக்குத் தக்க பொருள் வேண்டும். வீட்டு அழுக்கைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்: எண்ணெய்ப் பிசுக்கு, களிம்பும் உப்புக் கறையும், நோய்க் கிருமிகள். பிசுக்குக்குக் காரம் அல்லது நுரைப்பொருள் வேண்டும். களிம்புக்கும் உப்புக் கறைக்கும் புளிப்பு வேண்டும். கிருமிகளுக்கு வெப்பமும் வெயிலும் உலர்ச்சியும் வேண்டும். இதை அறிந்தால் எந்த அழுக்குக்கு எது என்று நாமே முடிவு செய்யலாம்.

பிசுக்கைப் போக்க

விறகடுப்பு இருந்த காலத்தில் நம் பாட்டிமார் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டே பாத்திரம் துலக்கினர். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. அது எண்ணெயுடன் சேர்ந்து ஒரு வகைச் சோப்பாகவே மாறிவிடுகிறது. எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அதற்குப் பூந்திக் கொட்டை இருக்கிறது. அதன் தோலில் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ளது. சீயக்காயிலும் இதுவே உள்ளது. பத்துப் பூந்திக் கொட்டைகளை விதை நீக்கி, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்டுங்கள். பாத்திரம், பட்டுத் துணி, தங்க நகை, தரை ஆகிய யாவற்றுக்கும் இந்நீர் உதவும். மூன்று நான்கு நாளில் கெட்டுவிடும். ஆகவே அளவாகச் செய்யுங்கள். கண்ணில் மட்டும் படக்கூடாது.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் தவிட்டாலோ பழைய செய்தித்தாளாலோ துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேய்ப்பதற்கு முற்றிய பீர்க்கங்காயின் கூடு போதும். பிளாஸ்டிக் நாரைப்போல் அது துகள் துகளாக உதிர்ந்து ஆற்றில் சேராது. தேய்ந்தபின் மண்ணோடு மண்ணாகிவிடும்.

களிம்பும் கறையும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் தேய்த்தால் பளபளப்பதற்குக் காரணம் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம். அது களிம்பைக் கரைத்துவிடுகிறது. புளி செம்பைக் கரைக்கும் என்பதால்தான் புளிக்குழம்பு வைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். விளக்கைத் துலக்கும் குணமே குழம்பைக் கெடுக்கும் குணமாகவும் இருப்பதைக் கவனித்தீர்களா?

குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளைக் கறை, கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தே. பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்து அரைமணி ஊறவிட்டால் அது இளகிவிடும், வினிகரும் உதவும். ஆனால் சலவைக்கல், மொசைக் தரைகளில் புளிப்புப் பொருள் எதையும் ஊற்றாதீர்கள். அக்கல்லும் சுண்ணாம்பு இனமே ஆதலால் மெருகு போய்விடும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நன்றாகப் பொங்குகிறது. ஆகவே நன்றாகச் சுத்தம் செய்யும் என்று பலர் எண்ணுகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே அந்தப் பொங்கல்! மிஞ்சுவது சிறிது உப்புக் கரைந்த நீரே. இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துவதுதான் அறிவுடைமை.

கிருமிகளை வெல்ல

செலவில்லாத முதல் வைத்தியன் சூரியன். பாய், தலையணை, மெத்தை ஆகியவற்றை வாரம் ஒருமுறை நல்ல வெயிலில் போட்டால் ஈரம் நீங்கும். தூசியில் வாழும் நுண்பூச்சிகளும் குறையும். பாத்திரம் துடைக்கும் துணியைக் கொதிநீரில் அலசி உலர்த்த வேண்டும். நாள் முழுதும் ஈரமாகக் கிடக்கும் அத்துணியில் கிருமிகள் மலிந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடிக்கும் வழக்கமும் பொருளுள்ளதே. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் வளராது.

கொசுவை விரட்டுவதைவிடப் பிறக்கவிடாமல் தடுப்பதே மேல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தொட்டி, பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் நிற்கும் நல்ல நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பக்கங்களில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே வாரந்தோறும் ஒரு நாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள்.

இயற்கை எல்லாம் நல்லதோ?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இயற்கைப் பொருள் என்பதாலேயே அது தீங்கற்றது என்று எண்ணலாகாது. நொச்சிப் புகை கொசுவை விரட்டும். ஆனால் எந்தப் புகையும் நுரையீரலுக்குப் பகையே. கைக்குழந்தையும் இரைப்பு நோயாளியும் உள்ள வீட்டில் புகை வேண்டாம், கொசுவலை போதும். சூடத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். சாணத்தில் இசிவு நோய்க் கிருமி இருக்கக்கூடும். காலிலோ கையிலோ புண் உள்ளவர்கள் அதைத் தொடலாகாது. வீட்டில் யாருக்கேனும் வாந்திபேதி கண்டால் எலுமிச்சையை நம்பியிராமல் பிளீச்சிங் பவுடர் கரைசலையே பயன்படுத்த வேண்டும். அதையும் தனியாக, கதவைத் திறந்து வைத்து, வேறெதனுடனும் கலக்காமல் பயன்படுத்த வேண்டும்.

அதுபோலவே அலமாரியில் போடும் அந்துருண்டையின் ஆவி, சில கைக்குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். குழந்தையின் துணிகளை வெயிலில் நன்கு உலர்த்திக் காய்ந்த வேப்பிலையுடன் வைத்தாலே போதுமானது.

நாம் ஊற்றும் நீர் எங்கே போகிறது?

நம் வீட்டுச் சாக்கடையோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அந்நீர் மலக்குழிக்கோ குளத்துக்கோ போகிறது. மிகுதியான கிருமிநாசினி, மலக்குழியில் கழிவை மக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் குளத்தில் சேர்ந்தால் பாசி பெருகி, பின் அழுகி, நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். நம் வீடு தூய்மையாக அடுத்தவர் குளம் அழுக்காகலாமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட "லௌதாதோ சி" என்னும் திருமடலில் இப்பூமியை நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்றே குறிப்பிட்டார். சூரியனைச் சகோதரன் என்றும் நீரைச் சகோதரி என்றும் அழைத்த அசிசியாரின் பெயரைத் தாங்கியவரல்லவா அவர்!

அன்புத் தோழியரே! இவ்வாண்டும் விழாக்காலம் வரும், வீட்டைத் துலக்குவோம். என் அக்கா இப்போது நலமாக இருக்கிறாள். எங்கள் குளியலறை அலமாரியில் இருந்த ஏழு புட்டிகளின் இடத்தில் இன்று ஒரு சாடி பூந்திக் கொட்டை நீரும் நான்கு எலுமிச்சை மூடிகளும் இருக்கின்றன. பிளீச்சிங் பவுடர் டப்பா மட்டும் தனியே, உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் அக்காவே தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "எதனுடனும் கலக்காதே." உங்கள் வீட்டிலும் இன்றே அப்படி ஒன்று எழுதி ஒட்டுங்கள்.