ஆளில்லாத 2 நாற்காலிகள்... வான் கோ ஏன் இதை வரைந்தார்?

தனிமையைச் சொல்லும் ஓவியங்கள் என்று தேடிப் பாருங்கள். ஜன்னலோரம் ஒருவர் வெறித்துப் பார்த்தபடி இருக்கும் படங்கள்தான் வரிசையாக வரும். ஆனால், வின்சென்ட் வான் கோ 1888-ல் வரைய ஆரம்பித்த இரண்டு ஓவியங்களில் மனிதர்களே கிடையாது. ஆளுக்கொரு நாற்காலி, அவ்வளவுதான். அதன் பின்கதை தெரிந்துவிட்டால் சும்மா பார்த்துவிட்டு நகர முடியாது.

12 நாற்காலிகள் எதற்கு?

அந்த வருடம் மே மாதம், தெற்கு பிரான்ஸில் ஆர்ல் என்ற ஊரில் ஒரு மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்தார் வான் கோ. ஓவியர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக வரைய வேண்டும் என்பது அவருடைய ஆசை. தம்பி தியோ அனுப்பும் பணத்தில்தான் சாப்பாடே. அந்தப் பணத்தில் 2 கட்டில்களும் 12 நாற்காலிகளும் வாங்கினார். வீட்டில் இருந்ததோ அவர் ஒருத்தர்தான்! வரப்போகும் விருந்தாளிக்கு வால்நட் மரக் கட்டில், தனக்குச் சாதாரண மரக் கட்டில். இன்று காபி கப்பில்கூட அச்சடிக்கப்படும் சூரியகாந்தி ஓவியங்களும் இந்த வீட்டை அலங்கரிக்க வரைந்தவைதான்.

அந்த விருந்தாளி, ஓவியர் பால் கோகன். அக்டோபர் 23 அன்று வந்து சேர்ந்தார். நட்புக்காக மட்டும் வந்தவர் இல்லை. மாதம் 150 ஃபிராங்க் தியோ தருவார், பதிலுக்கு ஓர் ஓவியம் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

நண்பர் வீட்டில்தான் இருக்கிறார்... ஆனால்?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பரில் இரண்டு நாற்காலிகளையும் வரைய ஆரம்பித்தார் வான் கோ. தன்னுடையது பகல் வெளிச்சத்தில் இருக்கும் எளிய நாற்காலி. கோரை பின்னிய இருக்கை, அதன்மேல் ஒரு பைப், கொஞ்சம் புகையிலை. கோகனுடையது கைவைத்த நாற்காலி. நேரம் இரவு. பச்சைச் சுவரில் விளக்கு எரிகிறது. இருக்கையில் எரியும் மெழுகுவத்தியும் 2 நாவல்களும்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். அப்போது கோகன் அதே வீட்டில் இருந்தார். ஆனாலும் வான் கோ வரைந்தது அவர் இல்லாத நாற்காலியை! பின்னாளில் விமர்சகர் ஆல்பர் ஓரியேவுக்கு எழுதிய கடிதத்தில், கோகனின் காலி இடத்தை வரைய முயன்றதாக அவரே சொல்கிறார். ஓவியம் பற்றி இருவருக்கும் அடிக்கடி வாக்குவாதம் வந்தது. நண்பர் ஒருநாள் கிளம்பிவிடுவார் என்ற பயம் முதலில் தூரிகையில் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

டிசம்பர் 23 இரவு காதை அறுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம். கோகன் பாரிஸுக்குக் கிளம்பினார். அப்புறம் கடிதப் போக்குவரத்து மட்டும்தான், இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

ஆனால், ஜனவரியில் நடந்தது பலருக்குத் தெரியாது. 7-ம் தேதி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். 17-ம் தேதி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், தன் காலி நாற்காலி ஓவியத்தில் இன்று மறுபடி வேலை செய்ததாகக் குறிப்பிடுகிறார். நண்பர் போன வீட்டில், தனியாக!

அப்புறம், இவரை வெளியே விடக் கூடாது என்று அக்கம்பக்கத்தினர் சுமார் 30 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். மறுபடி மருத்துவமனை. போலீஸ் வீட்டைப் பூட்டியது.

அந்த மஞ்சள் வீடு இப்போது இல்லை, 1944 குண்டுவீச்சில் சிதைந்துபோனது. வான் கோவின் நாற்காலி லண்டன் நேஷனல் கேலரியிலும், கோகனின் நாற்காலி ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவருடைய கடிதங்கள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன.