கதிரோடு தூங்கும் நெல்

மழைக்காலம் முழுக்க வண்டு விழாமல் அரிசியைக் காப்பது எவ்வளவு பாடு என்று வீட்டில் அரிசி மூட்டை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், சுகபுமி மாவட்டத்து மலைச்சரிவில் சிப்தகெலார் என்றொரு கிராமம் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலே, மழையும் மூடுபனியும் ஓயாத இடம். அங்கே நெல்லை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். மருந்து தெளிப்பதில்லை, குளிர்பதனக் கிடங்கும் இல்லை. மரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய ஒரு சின்னக் களஞ்சியம்தான் இருக்கிறது. அங்கே வாழும் சுண்டா மக்கள் அதை 'லெயுட்' என்கிறார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் கால் முளைத்த கூடை மாதிரி இருக்கும். கற்களின்மேல் நிறுத்திய மரக்கால்கள், அவற்றின்மேல் பெட்டி. அடியில் ஒடுங்கி மேலே போகப்போகச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து அகலும். கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் நேரே மண்ணில் விழும். கால் கல்லின்மேல் நிற்பதால் மண்ணின் ஈரம் மரத்தில் ஏறாது. சுவர் பின்னிய மூங்கில் என்பதால் காற்று மெல்லப் புகுந்து வெளியேறும். கூரையில் வேய்வது இஜுக் எனப்படும் கருப்பு நார். சர்க்கரைப் பனையின் மட்டையடியில் விளையும் அது பல பத்தாண்டுகள் மக்காமல் கிடக்கும். கதவு தரைமட்டத்தில் இல்லை. கூரையின் முக்கோணத்துக்குக் கீழே, உச்சியில் இருக்கும். ஏணி சாய்த்து ஏறி, வேலை முடிந்ததும் ஏணியை எடுத்துவிடுவார்கள். பக்கத்து மாகாணமான பன்தெனில் வாழும் பதுய் மக்கள் தங்கள் களஞ்சியக் கால்களில் வட்டமான மரத்தட்டும் செருகுகிறார்கள். காலில் ஏறி வரும் எலி தட்டின் அடிப்பக்கம் வந்ததும் மேலே போக வழியின்றித் திரும்பிவிடும்.

ஆனால் கட்டடம் பாதிதான். மீதி ரகசியம் உள்ளே வைக்கும் பொருளில் இருக்கிறது. லெயுட்டுக்குள் போவது உதிர்த்த நெல் இல்லை, தாளோடு கூடிய கதிர்க்கட்டு. அறுத்த கதிர்களைக் கட்டுக் கட்டாக மூங்கில் பரண்களில் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் வெயிலும் காற்றும் காட்டிக் காயவைத்த பிறகே உள்ளே அடுக்குகிறார்கள்.

இதில் என்ன லாபம்? நெல்மணியும் உயிர்தான், மூச்சு விடும். மூச்சு விட்டால் சூடும் ஈரமும் பிறக்கும். உதிர்த்த நெல்லை ஈரத்தோடு குவித்துவைத்தால் குவியலின் நடுவே சூடு ஏறி, பூஞ்சை பிடித்து, நிறம் மாறிப்போகும். கட்டுகளாக அடுக்கினால் தாள்களின் இடைவெளியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, போரடிக்கும்போது உமி விரிசல் விடும். அந்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் அந்த விரிசல் போதும். விரிசலில்லாத உமி சிலிகா கலந்த கவசம், பூச்சிகளில் பெரும்பாலானவற்றை அது வெளியிலேயே நிறுத்திவிடும். மலையின் குளிர்ச்சியும் சேர்ந்து பூச்சிகளின் பெருக்கத்தை மந்தமாக்குகிறது.

இப்படிக் கட்டாக வைக்க எல்லா நெல்லும் ஒத்துவராது. தொட்டால் உதிரும் வகையாக இருந்தால் களஞ்சியத்துக்கு வருமுன் பாதி வயலில் கிடக்கும். ஜாவாவின் பழைய 'புலு' வகைகள் நீண்ட மீசை உடையவை, உயரமானவை, எளிதில் உதிராதவை. அவற்றை அறுக்க அரிவாள் வேண்டாம். உள்ளங்கைக்குள் மறையும் சின்னஞ்சிறு கத்தி ஒன்று போதும். ஜாவா மொழியில் அதற்கு ஆனி-ஆனி என்று பெயர், சுண்டா மொழியில் எதெம். விரல்களுக்கு நடுவே தாளை இழுத்து, கத்தியில் அழுத்தி, ஒவ்வொரு கதிராகக் கொய்வார்கள். கத்தி கைக்குள் மறைந்திருந்தால் நெல் தெய்வமான ஸ்ரீ தேவி மிரளமாட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. உழவியல் கண்ணோடு பார்த்தாலும் பலன் உண்டு. முற்றிய கதிரை மட்டும் எடுத்து, பச்சையை அடுத்த சுற்றுக்கு விடலாம். விதைக்கு நல்ல கதிரை அப்போதே கண்ணால் தேர்ந்துவிடலாம்.

1970களில் ஜாவாவின் சமவெளி வேறு பாதையில் போனது. குட்டை ரக நெல் வந்தது. நான்கு மாதத்துக்குள் விளைந்தது, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் கிடைத்தது. கதிர் எளிதில் உதிரும் என்பதால் அரிவாளும் வயலிலேயே போரடிப்பதும் வந்தன. கூடவே அரவை இயந்திரம் வந்து, கூலிக்கு நெல் குத்திய ஏழைப் பெண்களின் பிழைப்பைச் சில ஆண்டுகளில் விழுங்கியது. அந்த விளைச்சலைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. உலகிலேயே அதிகம் அரிசி இறக்குமதி செய்த நாடு 1984இல் தன்னிறைவு கண்டது.

விலையாக வந்தது புகையான். தாளின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சி, வயலைத் தீய்த்ததுபோல் ஆக்கும் பூச்சி. அதன் ஒரு தலைமுறைக்குச் சுமார் ஒரு மாதம் போதும். ஆண்டு முழுக்க எங்காவது பச்சை நெல் நின்றால் அதற்குப் பட்டினியே இல்லை. மருந்து அடிக்க அடிக்க, புகையானைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் செத்தன. கடைசியில் 1986இல், அதிபர் சுகார்த்தோவின் ஆணைப்படி, நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகள் தடைசெய்யப்பட்டன.

சிப்தகெலாரில் ஆண்டுக்கு ஒரே போகம்தான். கார்த்திகைக் கூட்டமும் ஓரையனும் வானில் தெரியும் நேரத்தை வைத்து, கருவிகளைத் தீட்டும் நாளையும் வயலில் இறங்கும் நாளையும் முடிவு செய்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடுவார்கள், ஒரே சமயத்தில் அறுப்பார்கள். அறுப்பு முடிந்த வயலில் தண்ணீர் கட்டி மீன் வளர்ப்பதும் உண்டு. நெல்லே இல்லாத மாதங்கள் வருவதால் புகையானின் சுழற்சி அறுந்துவிடுகிறது. ஆனால் ஒரு போகத்தை நம்பி ஆண்டு முழுக்கச் சாப்பிடவும், விளைச்சல் பொய்த்தால் சமாளிக்கவும் வேண்டுமே? அங்கேதான் லெயுட் வருகிறது. களஞ்சியம் இல்லாமல் அந்த ஒற்றைப் போகம் நிற்காது. வீட்டுக் களஞ்சியங்கள் போக, 'சி ஜிமத்' என்ற பொதுக் களஞ்சியமும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் அறுவடையில் ஒரு பங்கைச் செலுத்தும், முடைப்பட்டவர்கள் அதிலிருந்து கடன் பெறுவார்கள். ஆண்டுதோறும் நடக்கும் செரென் தாவுன் விழாவில் புதுக்கதிர்க் கட்டு அதனுள் ஏறும். அரிசியை விற்பதற்குத் தடை.

அரவை இயந்திரத்துக்கும் அங்கே தடைதான். நீண்ட மரத்தொட்டி உரலைச் சுற்றிப் பெண்கள் நின்று தாளம் பிசகாமல் உலக்கை போடுகிறார்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் குத்துவதில் ஒரு வேதியியல் இருக்கிறது. உமி நீங்கியதும் தவிட்டின் எண்ணெய் காற்று பட்டு சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். உமியோடு இருக்கும்வரை அந்தத் தொல்லை இல்லை. அதற்காக இதைச் சொர்க்கம் என்று எழுதிவிடக் கூடாது. உலக்கை பிடிக்கும் கை எப்போதும் பெண்ணின் கைதான். தோள்வலி யாருக்கு என்று பாரம்பரியத்தைப் புகழும் கட்டுரைகள் கேட்பதில்லை.

பழமையில் உறைந்துபோன ஊரும் இல்லை அது. ஓடையில் சிறு நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார்கள், 2008 முதல் சொந்தமாக ஒரு தொலைக்காட்சியும் நடத்துகிறார்கள். நெல்லைத் தொடும் இயந்திரத்துக்குத்தான் வாசலை அடைத்திருக்கிறார்கள். 15 கோடிப் பேர் வாழும் ஜாவா முழுதும் இந்த வழியில் சாப்பிட முடியாது என்பதும் வெளிப்படை. ஒரு போகத்தில் நிறைவு காண, தலைக்கு இவ்வளவு நிலம் என்ற கணக்கு இடம் கொடுக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் தரும் காடும் அருகில் இருக்க வேண்டும்.

அந்தக் காட்டில்தான் சிக்கல். இந்த மலைப்பகுதியில் உள்ள ஹலிமுன் தேசியப் பூங்கா 2003இல் சலாக் மலையையும் சேர்த்துக்கொண்டு 1,13,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. மலைக்கிராமங்கள் தலைமுறைகளாகப் புழங்கிய நிலம் அரசுக் காட்டின் எல்லைக்குள் வந்துவிட்டது. 2013இல் அரசியல் சாசன நீதிமன்றம், மரபுவழிச் சமூகங்களின் காடு அரசுக் காடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்ததும் நிலம் தானாகக் கைமாறவில்லை. ஒவ்வொரு சமூகமும் தனித்தனியே அங்கீகாரம் பெற வேண்டும். 2016 இறுதியில் நாட்டிலேயே முதல் தவணையாக ஒன்பது மரபுக் காடுகள் அங்கீகரிக்கப்பட்டபோது, ஹலிமுன் பகுதியின் கசெபுஹான் கராங் சமூகம் அதில் இடம்பெற்றது.